மாங்குளத்துக்கு இந்தப் பக்கம்: வன்னியின் வாகன இழுவைத் தொழில் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியில், வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையைத் தாண்டி இரவில் ஒரு வாகனம் அடிபட்டு நின்றால், காயப்பட்டவருக்கு ஓர் இலக்கம் இருக்கிறது: 1990. அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்காது. பொலிசுக்கு 119. அடிபட்ட வாகனத்துக்கு மட்டும் இலக்கம் எதுவும் இல்லை. யாரோ யாருக்கோ சொல்லி ஒரு கரியர், அதாவது இழுவை லொறி, வந்து நிற்கும். வந்தவர் யார், எவ்வளவு எடுப்பார், வாகனத்தை எங்கே கொண்டுபோவார், கொண்டுபோனபின் அதை எப்படி வெளியே எடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு இலங்கையில் எழுதிவைத்த பதில் கிடையாது. பஸ் சேவைக்கு வடமாகாணத்தில் ஓர் அதிகாரசபை இருக்கிறது. முச்சக்கரவண்டிக்கு மீற்றர் வேண்டும் என்று விதி இருக்கிறது. இழுவைத் தொழிலுக்கென்று ஒன்றும் இல்லை.

கீழே வரும் நிகழ்வு ஒரு தனி ஆளுடையது அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் வாகனம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிற விஷயங்களைச் சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு நடந்ததாக எழுதியிருக்கிறேன். தொகைகளும் உதாரணத்துக்குத்தான். சட்டம் பற்றிச் சொல்வது மட்டும் உள்ளது உள்ளபடி.

நடந்தது

தர்மபுரத்தில் ஒருவர். லீசிங்கில் எடுத்த கே.டி.எச். ஹயஸ் வான் ஒன்று, ஓட்டோ கியர். கலியாணம், கோயில், விமான நிலையம் என்று ஹயர் ஓடித்தான் மாதக் கட்டுப்பணத்தைக் கட்டுகிறார். அன்றைக்கு ஹயர் இல்லை. தாயாரை வவுனியாவில் கிளினிக்குக் காட்டிவிட்டு, மனைவியோடு இரவு திரும்பிக்கொண்டிருந்தார். கனகராயன்குளம் கடந்து மாங்குளம் வரமுன், வீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகளில் ஒன்று எழும்பிக் குறுக்கே வந்தது. மாடு அந்த இடத்திலேயே செத்தது. வானின் முன் பம்பர், றேடியேற்றர், இடப்பக்க லைற் மூன்றும் போய்விட்டன. தாயாரின் கை முன் சீற்றில் மோதி வீங்கியது.

அம்புலன்ஸ் வந்து தாயாரையும் மனைவியையும் மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றிப்போனது. சாரதி வானோடு நின்றார். பொலிஸ் வருவதற்கு முதலே இழுவை வாகனம் வந்துவிட்டது. தட்டையான மேடை உள்ள கரியர் அல்ல, பின்னால் பூமும் கொளுக்கியும் பூட்டிய பழைய லொறி. இரண்டு பேர் இறங்கினார்கள். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“அண்ணை, இதில விட்டிட்டுப் போனா விடிய ரயர்கூட மிஞ்சாது. தூக்குவம்.”

“எங்க தம்பி கொண்டுபோறியள்?”

“பயப்பிடாதேங்கோ, எங்கட ஆக்களின்ர கராஜ்தான்.”

விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு பில் புத்தகத்தை நீட்டி அடியில் கையெழுத்துக் கேட்டார்கள். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போட்டார். பிறகு ஒருநாள் மனைவி சொன்னது: “அந்த நேரம் மாமின்ர கை வீங்கிக் கிடக்கு. காசைப் பற்றி ஆர் கேப்பினம்?”

அவர் நின்ற இடத்திலிருந்து கிளிநொச்சியும் வவுனியாவும் கிட்டத்தட்ட ஒரே தூரம். வீடு வடக்கே, அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கும் வடக்கே, கிளிநொச்சியில். வான் போனது தெற்கே, வவுனியாவுக்கு. அதுவும் முன்பக்கத்தைத் தூக்கி, பின் சில்லுகளை வீதியில் உருளவிட்டு.

மறுநாள் தாயாரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அடுத்தநாள் காலையில் பஸ் ஏறி வவுனியா போனார். கராஜில் வானின் முன்பக்கம் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. கழற்றச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, “நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள்தானே” என்றார்கள்.

அந்தப் பில்

பில் புத்தகத்தின் கார்பன் தாள் அது, நீல மையில் மங்கலாக. தலைப்பில் நிறுவனத்தின் பெயர் இல்லை. முகவரி இல்லை. ஒரு றப்பர் முத்திரை, அதில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும். உள்ளே இரண்டு வரி. முதலாவது, “றெக்கவரி – 38,000”. இரண்டாவது, “யாட் – நாளுக்கு 1,500”, அதாவது வாகனத்தை வைத்திருக்கிற இடத்துக்கு வாடகை. கீழே சாரதியின் கையெழுத்து. இரண்டு வரியும் கையெழுத்துக்குப் பிறகு எழுதியவை என்பது பார்த்த உடனேயே தெரியும். இரண்டாவது வரிக்கு இடம் போதாமல் எழுத்து கையெழுத்தின் மேலேயே ஏறிக் கிடந்தது.

றெக்கவரி என்றால் என்ன? கொளுக்கி மாட்டிய கூலியா, கிலோமீற்றர் கணக்கா, இரவுக் கூலியா, இரண்டு ஆட்களின் சம்பளமா? ஒரே சொல்லுக்குள் எல்லாம் போட்டாயிற்று. அவரிடம் முழுக் காப்புறுதி இருந்தது. அதில் இழுவைச் செலவுக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் வரம்போடு. இந்த மாதிரி ஒரு தாளைக் கொண்டுபோனால் அந்த வரம்புத் தொகையை எடுப்பதற்கே இழுபட வேண்டும். யார் கொடுத்த பில் என்று காப்புறுதிக்காரர் கேட்பார்கள். முத்திரையைக் காட்டினால் அது யாருடைய போன் என்று கேட்பார்கள்.

கையில் அவ்வளவு காசு இல்லாமல் அவர் திரும்பிவிட்டார். சொந்தக்காரரிடம் கேட்டு, நகை அடகு வைத்து, காப்புறுதி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் போக இரண்டு கிழமைக்கு மேல் ஓடிற்று. யாட் வாடகை நாளுக்கு நாள் ஏறியது. இந்தப் பக்கம் லீசிங் கட்டுப்பணமும் நிற்கவில்லை. உழைக்கிற வாகனம் உழைக்காமல் நிற்கிற ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு இரட்டை அடி என்பதைக் கராஜ்காரர் நன்றாக அறிவார். நாள் இழுபட்டால் வாகனக்காரர் வளைவார். இந்தத் தொழிலின் பேரம் அதில்தான் நிற்கிறது.

கியர்பெட்டி

காசோடு முடிந்திருந்தால் இதை ஒரு விலைத் தகராறு என்று விட்டுவிடலாம். கடைசியில் வான் கிளிநொச்சிக்கு வந்து, முன்பக்கம் சரிசெய்து, ஸ்ராட் பண்ணி ஓடிப் பார்த்தபோது கியர் வழுக்கியது. சூடேறினால் இழுவையே இல்லை.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். ஓட்டோ கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்மை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பம் வேலை செய்யாது. கே.டி.எச். ஹயசில் எஞ்சினின் இழுவை போவது பின் சில்லுக்கு. பின் சில்லை வீதியில் உருளவிட்டால், கியர்பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கிற தண்டு (புரொபெல்லர் சாவ்ற்) சுற்றும், கியர்பெட்டியின் உள்பாகங்களும் அதோடு சுற்றும், எண்ணெய் மட்டும் போகாது. உள்ளே இரும்பு இரும்போடு உரசிக்கொண்டே நாற்பது கிலோமீற்றர் வரும். நியூட்ரலில் போட்டுவிட்டோமே என்றால், அது இதற்குப் பரிகாரம் இல்லை. ஒன்றில் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது மேடைக் கரியரில் ஏற்ற வேண்டும். இரண்டுமே முடியாவிட்டால் வாகனத்துக்கு அடியில் படுத்து, பின் அச்சுப் பக்கம் நாலு போல்ற்றைக் கழற்றி சாவ்ற்றை இறக்க வேண்டும். தெரிந்தவருக்கு அரை மணித்தியால வேலை.

அக்குவா, வெசல், பிறியஸ் என்று இன்றைக்கு நம் வீதிகளில் ஓடுகிற ஹைபிரிட் கார்களுக்குப் பெரும்பாலும் முன் சில்லு இழுவை. அவற்றில் பிழை எதிர்ப்பக்கமாக நடக்கும், முன் சில்லை உருளவிட்டால் கதை முடிந்தது. ஆகவே எந்த வாகனத்தை எந்தப் பக்கத்தால் தூக்குவது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை யாரும் பரீட்சித்துப் பார்த்து அனுமதிக்கவில்லை. லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் இருக்கிறது, சாரதிக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கொளுக்கியைப் பிடிக்கிற கைக்கு ஒன்றும் தேவையில்லை.

கியர்பெட்டி விபத்தில் பழுதாகவில்லை என்று காப்புறுதி மதிப்பீட்டாளர் சொன்னார். அது உண்மையும்தான். இழுத்தவரோ, “வான் பழசு, கியர் முந்தியே போயிருக்கும்” என்றார். முதல்நாள் வரை அந்த வானில் ஹயர் போனவர்கள் சாட்சி சொல்லலாம், ஆனால் வான் எப்படிக் கட்டப்பட்டு இழுக்கப்பட்டது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

கரியர்காரரின் பக்கம்

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் காசு அடிக்கிறவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். வன்னியில் இவர்கள் இல்லாவிட்டால் விபத்துப்பட்ட வாகனம் விடியும்வரை வீதியில் கிடக்கும். வெளிச்சம் இல்லாத இடத்தில் அப்படிக் கிடக்கிற வாகனத்தில் கொழும்பு பஸ் வந்து மோதினால் அடுத்த விபத்து முதலாவதைவிடப் பெரிசு.

அவர்களுடைய கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய எல்ஃப் அல்லது கன்ரர் லொறியின் சேஸில் உள்ளூரிலேயே மேடை வெல்டிங் செய்து, பாவித்த வின்ச் ஒன்று வாங்கிப் பூட்டியிருப்பார்கள். லொறிக்கும் பலருக்கு லீசிங்தான். நகரத்தில் ஓர் இழுவைக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் போதும். இங்கே ஒரு வழி முழுக்க வெறுமையாக ஓடித்தான் இடத்துக்கே வர வேண்டும். வந்தபின் பொலிஸ் அளந்து முடியும்வரை காத்திருப்பு, மதிப்பீட்டாளர் போனில் படம் கேட்டால் இன்னும் காத்திருப்பு. அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இருட்டில், வேகமாக வருகிற லொறிகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கொளுக்கி மாட்டுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. மின்னும் ஜாக்கெற் போட்டு வேலை செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதோடு, திருத்தச் செலவு வாகனத்தின் விலையைத் தாண்டினால் சில உரிமையாளர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். யாட்டில் கிடக்கிற அந்தப் பழைய இரும்புக்கு யார் பொறுப்பு?

2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவுக்குப் போனது. அந்த நேரம் கூலி ஏறியதில் பிழை சொல்ல முடியாது. எரிபொருள் இறங்கும்போது கூலியும் இறங்கிற்றா என்று கேட்க, எழுதிவைத்த கட்டணம் என்று ஒன்று இருந்தால்தானே முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விபத்து நடந்ததை முதலில் சொல்கிறவருக்கு ஒரு தொகை போகிறது. வாகனத்தை எந்தக் கராஜில் இறக்குகிறாரோ அந்தக் கராஜிலிருந்து இழுத்தவருக்கு ஒரு தொகை வருகிறது. தொழிலுக்குள் இதைக் கொமிசன் என்று மறைக்காமல் சொல்வார்கள். வான் வடக்கே போகாமல் தெற்கே போனதன் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கொமிசன் இருக்கிற இடத்தில் வாகனம் எங்கே போகும் என்பதை வாகனக்காரர் தீர்மானிக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். என் பார்வையில் இந்தத் தொழிலின் பெரிய நெறிப்பிழை விலை அல்ல, இதுதான். அதிக விலையைக்கூட ஒருவர் தெரிந்து ஒப்புக்கொள்ளலாம். பதறி நிற்கிறவரிடம் வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. அந்த ஒரு கையெழுத்திலிருந்துதான் இடம், கூலி, யாட் வாடகை, கழற்றிய முன்பக்கம் எல்லாம் வந்தன.

வன்னியில் இதற்கு இன்னும் ஒரு பாரம் இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் பலருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை, கையில் பத்திரம் இருந்தும். தன் வாகனம் தன் கண் முன்னால் வேறொருவர் கையில் போவதைப் பார்க்கிற ஒருவர் இங்கே பேரம் பேசுகிற மனநிலையில் இருக்க மாட்டார்.

சட்டம் எங்கே நிற்கிறது

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் விபத்து நடந்தால் சாரதி நிற்க வேண்டும், உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பாரதூரமான விபத்தென்றால் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும்வரை வாகனம் பொலிசின் பொறுப்பில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த வாகனத்தை யார், எந்த நிபந்தனையில் இழுத்துப் போகலாம் என்பதுதான் விடுபட்டிருக்கிறது.

கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பொருள் மட்டுமல்ல, சேவையும் அதற்குள் வரும். பிழையான எண்ணத்தை உண்டாக்கும் நடத்தையை அது தடுக்கிறது. ஒரு சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே அது கொள்கிறது. நமது கியர்பெட்டி நேரே இங்கேதான் வருகிறது: ஓட்டோ கியர் வாகனத்தை இழுவைச் சில்லில் உருட்டிக்கொண்டு போனது திறமையான வேலையா? ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். யாட்டில் இரண்டு கிழமை, திருத்தத்தில் ஒரு மாதம், பிறகு கியர் போய்விட்டது என்று கண்டுபிடித்து, அங்கே பேசி இங்கே பேசிப் பார்த்தால் அந்தக் காலம் கையை விட்டுப் போய்விடும். இந்த நிகழ்விலும் போனது.

வாகனத்தைத் தடுத்து வைப்பது பற்றியும் குழப்பம் இருக்கிறது. ஒரு பொருளில் வேலை செய்தவர் தன் கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்பதை நமது பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் ஏற்கிறது. ஆகவே கராஜ்காரர் வாகனத்தை விடாமல் வைத்திருந்தால் அந்த ஒன்றுக்காகவே அவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. எந்த வேலைக்கு எந்தக் கூலி ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதுதான் கேள்வி. கேட்காமலே கழற்றிய முன்பக்கத்துக்குக் கூலி கேட்பதும், விலை சொல்லாமலே தொடங்கிய யாட் வாடகையும் அந்தக் கேள்வியில் பலமாக நிற்காது. ஆனால் இதை நீதிமன்றத்தில் போய் நிலைநாட்ட ஒரு ஹயஸ்காரரால் ஆகுமா?

மிஞ்சியது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இந்தச் சபைகள் சட்டத்தரணி இல்லாமல், சிறு செலவில், தமிழில் பேசித் தீர்க்கிற இடம். இந்த நிகழ்வு அங்கேதான் முடிந்தது. யாட் வாடகை பாதியாகக் குறைந்தது. முன்பக்கம் கழற்றிய கூலியைக் கராஜ்காரர் விட்டுக்கொடுத்தார். இழுவைக் கூலி முழுதாகக் கட்டப்பட்டது. கியர்பெட்டிக்கு ஒரு சதமும் வரவில்லை, ஆதாரம் இல்லாத விஷயத்தைப் பேசித் தீர்க்கவும் வழியில்லை.

இதே லொறிகள் விடியப்புறம் வேறொரு வேலைக்கும் போகின்றன: லீசிங் கட்டாத வாகனத்தைச் சீஸ் பண்ண, அதாவது நிறுவனத்துக்காகப் பறித்துக்கொண்டு போக. அங்கே 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டமும், மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. முறையிட 1935 என்ற இலக்கமும் இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்: அந்த விதிகள் லீசிங் நிறுவனத்தைத்தான் பிடிக்கின்றன, கொளுக்கி மாட்டுகிறவரை அல்ல.

மாட்டுக்கு இருக்கிற விதி

செத்த மாட்டின் சொந்தக்காரர் கடைசிவரை வரவில்லை. வந்திருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும், ஏனென்றால் கட்டாக்காலி மாடு விஷயத்தில் விதி இருக்கிறது. வீதியில் அலைகிற மாட்டைப் பிரதேச சபை பிடித்துக் கட்டினால் தண்டப்பணம் இவ்வளவு, நாளுக்குப் பராமரிப்புக் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்த தொகை இருக்கிறது. காசு கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு மாட்டை அவிழ்த்துப் போகலாம். கட்டாக்காலி மாட்டைப் பிடித்து அடைப்பதற்குப் பிரித்தானியர் காலத்திலேயே சட்டம் எழுதியாயிற்று. அதே வீதியில், அதே இரவில், அந்த மாட்டோடு மோதிய வானை ஒருவர் பிடித்து அடைத்து வைத்தால் அதற்கு நாள் கூலி எவ்வளவு என்று சொல்ல இன்றுவரை யாரும் இல்லை.

இதை நான் வெறும் முரணாகச் சொல்லவில்லை. வழி இங்கேதான் இருக்கிறது. கராஜ் நடத்துகிறவர் பிரதேச சபையிடம் வியாபார அனுமதிப்பத்திரம் எடுக்கிறார். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்குத் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. மாட்டுக்குச் செய்ததை யாட்டுக்கும் செய்வதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. கரைச்சிப் பிரதேச சபையோ புதுக்குடியிருப்புப் பிரதேச சபையோ நாள் வாடகைக்கு ஓர் உச்சவரம்பு, முதல் இரண்டு நாளைக்கு வாடகை இல்லை, தன் உடைமைகளை எடுக்க வருகிறவரிடம் காசு கேட்கக்கூடாது என்று மூன்று வரியை அனுமதிப்பத்திர நிபந்தனையாகச் சேர்க்க முயன்றால் அதுவே பெரிய மாற்றம்.

ஒன்ராறியோவில் நடந்தது

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஸ்காபரோவில் சொந்தக்காரர் இல்லாத வீடு வன்னியில் குறைவு. அங்கே கார் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் இழுவை லொறிக் கதை ஒன்றாவது சொல்வார்கள். நெடுஞ்சாலை விபத்துகளுக்குப் போட்டி போட்டு ஓடுவதில் தொடங்கி, லொறிகளை எரிப்பது, சுடுவது வரை அது போனது. 2020இல் யோர்க் பிராந்தியப் பொலிஸ் மற்றப் பொலிஸ் பிரிவுகளோடு சேர்ந்து பெரிய நடவடிக்கை எடுத்துப் பலரைக் கைது செய்தது. பொலிஸ் உத்தியோகத்தர்கள் சிலர்மீதே குற்றச்சாட்டு வந்தது.

அதற்குப் பிறகு 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இழுவை நிறுவனங்களும் யாட் நடத்துகிறவர்களும், அந்த வருடம் ஜூலையிலிருந்து சாரதிகளும் மாகாண அரசின் சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. இழுக்க முதல் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். எங்கே கொண்டுபோவது என்பதை வாகனக்காரரே தீர்மானிப்பார். உச்சக் கட்டணத்தை முன்கூட்டியே பதிந்து வெளியிட வேண்டும். விபத்து நடந்த இடத்திலிருந்து 200 மீற்றருக்குள் நின்று ‘நான் இழுக்கிறேன்’ என்று கேட்பது மாகாண நெடுஞ்சாலைகளில் அதற்கு முதலே குற்றம்.

இதை அப்படியே தூக்கி இங்கே நட முடியாது. அங்கே பிரச்சினை லொறி கூடிப்போனது, இங்கே லொறி குறைவு. கட்டணம், சான்றிதழ், பயிற்சி, காப்புறுதி என்று ஒரேயடியாகப் பாரத்தை ஏற்றினால் மாங்குளத்தில் ஒரு லொறி வைத்திருப்பவர் தொழிலையே விட்டுவிடுவார், வவுனியாவில் ஐந்து லொறி வைத்திருப்பவர்தான் மிஞ்சுவார். 200 மீற்றர் விதியை இங்கே போட்டால், ஆளில்லாக் காட்டுக்குள் தற்செயலாக அந்த வழியால் வந்து நிற்கிற நல்ல மனிதரையும் துரத்தியதாகப் போகும். அந்தச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கொளுக்கி மாட்டுவதற்கு முன் ஒப்புதல் தாள்.

வன்னிக்கு ஏற்ற மாதிரி

அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இழுப்பவரின் பெயர், லொறி இலக்கம், எங்கிருந்து எங்கே, மாட்டுகிற கூலி, கிலோமீற்றர் கூலி, இரவென்றால் எவ்வளவு, காத்திருந்தால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு, யாட் வாடகை எவ்வளவு, எந்தப் பக்கத்தால் தூக்குவது. கராஜிலிருந்து கொமிசன் வருகிறதென்றால் அதையும் எழுத வேண்டும். காத்திருப்புக் கூலி எழுத்தில் வந்தால் கரியர்காரருக்கும் இன்றைக்குக் கிடைக்காத காசு கிடைக்கும். அதனால்தான் நல்லபடி தொழில் செய்கிறவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

யார் முதலில் ஓடிவருகிறாரோ அவருக்கே வேலை என்பதை மாற்றாமல் தாள் மட்டும் போதாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் வயலுக்கு விடுகிறார்கள், வரம்புக்கு முந்தி வந்து நின்றவருக்கு அல்ல. விதைப்புக்கு முதல் கூட்டம் கூடி, எல்லோர் முன்னிலும் பேசி எடுக்கிற முடிவு அது. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் அந்தப் பகுதி இழுவைக்காரர்களின் பெயரைப் பதிந்து, முறை வைத்துக் கூப்பிட்டால், தகவல் சொன்னவருக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையே போய்விடும். கட்டணத்தையும் கொழும்பில் இருந்து ஒருவர் எழுதி அனுப்பாமல் மாவட்ட மட்டத்தில், அவர்களையும் இருத்திவைத்துத் தீர்மானிக்கலாம். யாருக்கும் தெரிந்த ஆள் என்று முறையைத் தாண்டிக் கூப்பிட இடம் கொடுத்தால் எல்லாம் வீண். ஆகவே கூப்பிட்ட நேரமும் ஆளும் புத்தகத்தில் பதிவாக வேண்டும், அந்தப் புத்தகத்தை யாரும் கேட்டுப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

தூக்குகிற முறைக்குப் பயிற்சி வேண்டும். அதற்குப் பெரிய கல்லூரி தேவையில்லை. எந்த வாகனத்துக்கு இழுவை முன் சில்லில், எதற்குப் பின் சில்லில், எதை மேடையில் மட்டும் ஏற்ற வேண்டும் என்பதை ஒரு மெக்கானிக் ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

அதெல்லாம் வரும்வரைக்கும் ஏ9இலோ, முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34, ஏ35 வீதிகளிலோ மாட்டிக்கொள்கிறவர் செய்யக்கூடியவை சில உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தாள் இல்லாவிட்டால், “கிளிநொச்சிக்கு, இவ்வளவு காசு, யாட் வாடகை இவ்வளவு” என்று இழுப்பவரின் போனுக்கே ஒரு வட்ஸ்அப் செய்தி போடச் சொல்லுங்கள், அவர் ‘ஓம்’ என்று பதில் போட்டால் அதுவே எழுத்து. காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள், அவர்களே கரியர் அனுப்புவார்களா என்று கேளுங்கள். ஓட்டோ கியரோ ஹைபிரிட்டோ என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாகனத்தைத் தூக்கியபின், லொறியின் இலக்கத் தகடும் வீதியில் தொடுகிற சில்லுகளும் தெரிய இரண்டு படம் எடுங்கள். பிறகு ஏதாவது பிழை என்று தெரிந்தால், பேசிப் பார்க்கிறோம் என்று இழுபடாமல் மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதிக் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.